உப்பா, முள்ளா, காற்றா? குமரி மாவட்டத்தில் சைக்கிள் மக்கர் செய்தால்

பழுதான சைக்கிளோடு போய் நின்றால், விஷயம் தெரிந்த கடைக்காரர் உடனே ஸ்பானரை எடுக்க மாட்டார். "எங்க கொண்டு ஓட்டினிய?" என்றுதான் முதலில் கேட்பார். சும்மா பேச்சுக்காகக் கேட்பதில்லை அது. நம் மாவட்டம் சின்னது. ஆனால் சைக்கிளுக்கு இது மூன்று ஊர். கிழக்கே தோவாளை, ஆரல்வாய்மொழிப் பக்கம் காய்ந்த தரை, உடைமுள், நெருஞ்சி, ஆளைத் தள்ளும் காற்று. கடலோரத்தில் மணக்குடியிலிருந்து முட்டம், குளச்சல் வரைக்கும் உப்பும் மணலும். தக்கலையைத் தாண்டி மேற்கே போனால் குலசேகரம், மார்த்தாண்டம் வரை ஏற்றம், இறக்கம், செம்மண் சேறு, தென்மேற்கு, வடகிழக்கு என்று வருஷத்தில் இரண்டு மழை. எந்தப் பக்கம் அதிகமாக ஓட்டுகிறோமோ அந்தப் பக்கத்து நோய்தான் சைக்கிளுக்கு வரும்.

அதனால் கீழே அறிகுறிப்படி எழுதியிருந்தாலும், உங்கள் சாலை எது என்பதையும் மனசில் வைத்துக்கொண்டே படியுங்கள். வீட்டில் இருக்க வேண்டியவை கொஞ்சம்தான்: காற்றடிக்கும் பம்பு, டயர் லிவர் இரண்டு, சொல்யூஷனும் ஒட்டும், ஸ்பானர் செட், ஆலன் கீ, ஒரு ஸ்கேல், பழைய துணி, மண்ணெண்ணெய் கொஞ்சம்.

ராத்திரி காற்று இருந்தது, காலையில் இல்லை

ஓட்டும்போது காற்று இறங்காமல் நிறுத்தி வைத்திருக்கும்போது மட்டும் இறங்குகிறது என்றால், டயரைக் கழற்றுவதற்கு முன் வால்வைப் பாருங்கள். பழைய வகை சைக்கிள்களிலும் பள்ளிப் பிள்ளைகளின் சைக்கிள்களிலும் இருக்கும் வால்வுக்குள் மெல்லிய ரப்பர் குழாய் ஒன்று உண்டு, வால்டியூப். காற்றை உள்ளே விட்டு வெளியே விடாமல் பிடிப்பது அதுதான். நம் ஊர் வெயிலில் அது சீக்கிரம் காய்ந்து, நுனியில் வெடித்துவிடும்.

கோட்டாற்றுப் பக்கம் ஒரு கடையில் இதைச் சோதிக்கும் விதத்தைப் பார்த்திருக்கிறேன். வாத்தியார் மாதிரி இருந்த ஒருவர், முள் குத்தியிருக்கிறது என்று சொல்லி சைக்கிளை நிறுத்தினார். கடைக்காரர் சைக்கிளைக் கவிழ்க்கவே இல்லை. ஆள்காட்டி விரலில் எச்சிலைத் தொட்டு வால்வின் வாயில் வைத்தார். எச்சில் முதலில் அப்படியே நின்றது. பிறகு நடுவில் ஒரு கொப்புளம் மெல்ல எழும்பி, கடுகளவு, மிளகளவு ஆகி, உடைந்தது. "முள்ளைத் தேடாண்டாம் சாரே, வால்வுக்க ரப்பராக்கும்" என்றார். பழையதை உருவி எறிந்து, புதுசை வெட்டி நனைத்துச் செருகி, நட்டைக் கையால் முறுக்கியதோடு வேலை முடிந்தது. வால்டியூப் துண்டு ஒன்றைப் பர்சில் வைத்துக்கொள்வது நல்லது. பஞ்சர் ஒட்டத் தெரியாதவர்கூட இதை மாற்றிவிடலாம்.

புது சைக்கிள்களில் பைக், காரில் இருப்பது போன்ற வால்வ்தான் வருகிறது. பெட்ரோல் பங்கிலேயே காற்றடிக்கலாம். ஆனால் சைக்கிள் டியூப் சின்னது, அங்கே காற்று சட்டென்று நிரம்பிவிடும். கவனிக்காமல் விட்டால் டயர் ரிம்மை விட்டு எழும்பி வெடித்துவிடும். எவ்வளவு காற்று என்பது டயரின் பக்கவாட்டிலேயே அச்சடித்திருக்கும். பின் டயருக்குக் கொஞ்சம் கூடுதல், முன்னுக்குக் கொஞ்சம் குறைவு. நம் எடையில் பாதிக்கு மேல் பின்னால்தான் இறங்குகிறது.

வால்வ் சரியாக இருந்தால் டியூப்பைக் கழற்றித்தான் ஆக வேண்டும். கழற்றும்போது வால்வ் இருந்த இடத்துக்கு நேரே டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். டியூப்பில் ஓட்டை கிடைத்ததும், வால்விலிருந்து எத்தனை சாண் தள்ளி என்று அளந்து, டயரில் அதே இடத்தைப் பார்த்தால் குத்தினது எதுவோ அங்கேயே இருக்கும். இதைச் செய்யாமல் ஒட்டு மட்டும் போட்டு மாட்டினால், அதே முள் மறுநாளும் குத்தும். "காலையில்தான் ஒட்டினேன், சாயங்காலம் மறுபடி போச்சு" என்று கடைக்காரரைத் திட்டுகிறவர்களில் பாதிப்பேருக்கு இதுதான் நடந்திருக்கும்.

ஓட்டை எங்கே இருக்கிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும். டியூப்பின் வெளிப்பக்கம், அதாவது தரையைப் பார்த்த பக்கம், ஒரே ஒரு ஓட்டை என்றால் முள் அல்லது கண்ணாடி. முப்பந்தல், ஆரல்வாய்மொழிச் சாலையில் ஓரம் ஒதுங்கினால் உடைமுள். குளத்தங்கரை ஒற்றையடிப் பாதை என்றால் நெருஞ்சி. நெருஞ்சி எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேலே பார்த்துத்தான் நிற்கும். செடி காய்ந்திருக்கும் மாதங்களில் அந்தப் பாதையைத் தவிர்ப்பதே புத்தி. டயருக்குள் விரலை விட்டுத் தடவுவதற்குப் பதில் ஒரு துணியை விட்டு ஓட்டுங்கள். முள் இருந்தால் துணியில் மாட்டும், விரல் தப்பிக்கும்.

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கீறல், பாம்பு கடித்த மாதிரி இருக்கிறதா? முள் இல்லை. காற்று குறைவாக இருந்து, குழியில் இறங்கும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் டியூப் நசுங்கியிருக்கிறது. மழைக்காலத்தில் குழிக்குள் தண்ணீர் நின்று ஆழம் தெரியாது. அப்போதுதான் இது அதிகம். ஒட்டுப் போடுவதோடு காற்றையும் கூட்டி வைக்க வேண்டும்.

ஓட்டை உட்பக்கம், ரிம்மைப் பார்த்த பக்கம் என்றால் ரிம்முக்கு மேல் சுற்றியிருக்கும் நாடா நகர்ந்து போக்ஸ் கம்பியின் முனை குத்துகிறது. கரையோரத்து சைக்கிளில் ரிம்மே துருப்பிடித்து, அந்தச் செதில் குத்தும். உப்புத்தாளால் தேய்த்து, புது நாடா சுற்றுங்கள். வால்வின் அடியிலேயே கிழிந்திருந்தால் ஒட்ட முடியாது, டியூப்பை மாற்றத்தான் வேண்டும். குறைந்த காற்றில் ஓட்டி டயரும் டியூப்பும் ரிம்மில் வழுக்கியதால் வந்த வினை அது.

டயர் வாங்கும்போது ஒரு சங்கதி. 26 என்று எழுதியிருப்பதெல்லாம் ஒன்றல்ல. 26 x 1.95 டயரின் உள்விட்டம் 559 மில்லிமீட்டர். 26 x 1⅜ டயருக்கு 590. ஒன்று மற்றதில் ஏறாது. பழைய டயரின் பக்கத்தில் இருக்கும் எழுத்தை போனில் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். அதே சமயம் 29 என்பதும் 700சி என்பதும் வேறு வேறு பெயரில் வரும் ஒரே 622 மில்லிமீட்டர் ரிம்தான். அகலம் மட்டும் பார்த்தால் போதும்.

செயின் கரகரக்கிறது, கீச்சிடுகிறது

இந்தப் பழுது கடலோரத்துக்கே எழுதி வைத்தது. சொத்தவிளை, சங்குத்துறைப் பக்கம் சாயங்காலம் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து சைக்கிளை அப்படியே சாத்தி வைத்தால், சில நாளில் செயின் பழுப்பு நிறத்துக்குப் போய்விடும். புத்தளம், சாமித்தோப்பு உப்பளங்களைக் கடந்து தினமும் வேலைக்குப் போகிறவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

உப்பு துருப்பிடிக்க வைக்கிறது. மணல் வேறு வேலை பார்க்கிறது. மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கறுத்த மணலில் இல்மனைட், சிர்க்கான், கார்னெட் எல்லாம் இருக்கின்றன. மத்திய அரசின் அருமணல் ஆலை அங்கே இருப்பதே அதற்காகத்தான். கார்னெட் என்பது உப்புத்தாள் செய்யப் பயன்படும் கனிமம். எண்ணெய் வழியும் செயினில் அந்த மணல் ஒட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். மிதிக்க மிதிக்க அரம் போட்டுத் தேய்க்கிறோம்.

செய்ய வேண்டியது இது. கடலோரம் போய்வந்த அன்றைக்கே நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். பைக் கழுவும் இடத்தில் வேகமாகப் பீய்ச்சி அடிக்கும் ஹோஸ் வேண்டாம். வீலின் நடுவில் இருக்கும் ஹப்புக்குள்ளும் பெடல் அச்சுக்குள்ளும் இருக்கும் கிரீஸை அது வெளியே தள்ளி, உப்புத் தண்ணீரை உள்ளே அனுப்பும். துணியால் துடைத்து, வெயிலில் கொஞ்சம் காயவிட்டு, பிறகு எண்ணெய். ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு சொட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுற்றிக்கொண்டே. கொஞ்ச நேரம் கழித்து வெளிப்பக்கத்தை நன்றாகத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் உள்ளேதான் வேலை செய்கிறது. வெளியே இருப்பது மணல் பிடிப்பதற்கு மட்டுமே உதவும்.

எந்த எண்ணெய்? தேங்காய் எண்ணெய் கையெட்டும் தூரத்தில் இருக்கும் ஊர் நம்முடையது, ஆனாலும் வேண்டாம். தூசியோடு சேர்ந்து பிசுக்காகிவிடும். வொர்க்‌ஷாப்பில் சும்மா கிடைக்கும் கழிவு ஆயிலும் வேண்டாம், அதில் இரும்புத் தூள் இருக்கும். துருவை இளக்க அடிக்கும் ஸ்பிரே துருவை இளக்குவதற்கு மட்டும்தான். அதையே செயின் எண்ணெயாக நம்பினால் ஒரு மழையில் போய்விடும். வெயில் மாதங்களில் தையல் மெஷின் எண்ணெய் போதும். மழைக்காலத்திலும் கடலோரத்திலும் சைக்கிளுக்கென்றே விற்கும் கெட்டியான எண்ணெய் நிற்கும்.

கழுவி எண்ணெய் போட்ட பிறகும் கரகரப்பு போகவில்லையா, ஸ்கேலை எடுங்கள். செயினின் ஒரு பின்னின் (இணைப்புகளைக் கோக்கும் சின்ன ஆணி) நடுவில் ஸ்கேலின் பூஜ்யத்தை வையுங்கள். பின்னுக்குப் பின் அரை அங்குலம் என்பதால் 12 அங்குலக் கோட்டில் இன்னொரு பின்னின் நடு சரியாக வந்து நிற்க வேண்டும். 1/16 அங்குலம் தாண்டி நின்றால் கியர் சைக்கிளுக்குச் செயின் மாற்றும் நேரம் வந்தாயிற்று. 1/8 தாண்டிவிட்டால் பல்சக்கரமும் தேய்ந்திருக்கும், புதுச் செயின் மட்டும் போட்டால் வழுக்கும். கியர் இல்லாத சைக்கிள் கொஞ்சம் பொறுத்துப் போகும்.

மிதித்தால் பெடல் சும்மா சுற்றுகிறது, சைக்கிள் நகரவில்லை

செயின் கழன்று விழவில்லை, அப்படியும் மிதி வாங்கவில்லை என்றால் பழுது ஃப்ரீவீலில், அதாவது பின் வீலின் பல்சக்கரத்தில். அதற்குள் சின்னக் கொக்கிகள் இரண்டோ அதிகமோ ஸ்பிரிங்கில் நின்று, முன்னோக்கி மிதிக்கும்போது பல்லில் மாட்டும். பழைய கிரீஸும் உப்பும் சேர்ந்து கெட்டியானால் கொக்கி ஒட்டிக்கொண்டு எழும்பாது. சைக்கிளைப் படுக்க வைத்து, ஃப்ரீவீலின் உள் வளையத்துக்கும் வெளி வளையத்துக்கும் இடையே உள்ள மெல்லிய சந்தில் மண்ணெண்ணெய் விட்டுச் சுற்றுங்கள். கறுப்பாக வழிவது நிற்கும்வரை. அப்புறம் மெல்லிய எண்ணெய். கிரீஸ் கூடாது, கிரீஸால்தான் இந்தத் தொல்லையே. டிக் டிக் சத்தம் திரும்பி வந்தால் குணமானது என்று அர்த்தம். வராவிட்டால் புது ஃப்ரீவீல்தான், விலையும் பெரிசில்லை.

பெடலை அழுத்தும்போது மட்டும் செயின் ஒரு பல் தாண்டி 'டக்' என்று விழுகிறது என்றால் அது வேறு: தேய்ந்த பல்லில் புதுச் செயின், அல்லது புதுப் பல்லில் தேய்ந்த செயின். மேலே சொன்ன ஸ்கேல் சோதனையைப் பாருங்கள்.

ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு 'டக்'

முதலில் எது சுற்றும்போது சத்தம் வருகிறது என்று கண்டுபிடியுங்கள். மிதிக்காமல் உருட்டிவிட்டும் சத்தம் வந்தால் வீல் பக்கம். மிதித்தால் மட்டும் வந்தால் பெடல், பெடலைத் தாங்கும் கையான கிராங்க், அல்லது பெடல் அச்சுப் பெட்டி. சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதித்தால் சத்தம் நின்றுவிடுகிறதா? அப்படியானால் சீட்டின் அடி நட்டுதான் குற்றவாளி. இதற்கு ஓவராலிங் செய்யச் சொல்லிக் காசைக் கரியாக்க வேண்டாம்.

பழைய மாடல் சைக்கிளில் கிராங்கைப் பிடித்திருப்பது காட்டர் பின். இரண்டு கிராங்கையும் தரைக்குச் சமமாக முன்னும் பின்னும் வைத்து, இரண்டு பெடலையும் ஒரே நேரத்தில் கையால் அழுத்திப் பாருங்கள். அரைச் சுற்று சுற்றி மறுபடியும். ஒரு கிராங்க் லேசாக நழுவி உட்கார்ந்தால் காட்டர் தளர்ந்திருக்கிறது. நட்டை மட்டும் முறுக்காதீர்கள், மரைதான் போகும். கிராங்குக்கு அடியில் இரும்புக் கட்டை ஒன்றை முட்டுக்கொடுத்து, பின்னைச் சுத்தியலால் உள்ளே அடித்து, அதன் பிறகு நட்டை இறுக்க வேண்டும். பின்னின் தட்டைப் பக்கம் பள்ளம் விழுந்திருந்தால் புதுசு போடுங்கள். தளர்ந்த காட்டரோடு தக்கலை ஏற்றத்தைச் சவுட்டி ஏறினால் அச்சும் சேர்ந்து கெடும்.

பெடலைக் கழற்றும்போது மறக்கக் கூடாதது: இடது பெடலின் மரை தலைகீழ். வலது பெடல் எல்லா நட்டையும் போலக் கழலும். இடது பெடலை மட்டும் கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் வரும். பலம் போட்டும் வரவில்லை என்றால் பலத்தைக் கூட்டாதீர்கள், திசையைப் பாருங்கள்.

பிரேக் பிடிக்கவில்லை, அல்லது ஊரைக் கூட்டுகிறது

மழையில் மட்டும் பிடிக்கவில்லை என்றால் உங்கள் ரிம் எதனால் ஆனது என்று பாருங்கள். பளபளக்கும் இரும்பு ரிம் என்றால் நனைந்ததும் பிரேக் பாதிகூட இருக்காது. கட்டையை மாற்றினாலும் பெரிய வித்தியாசம் வராது. ஓட்டும் முறையைத்தான் மாற்ற வேண்டும். நிறுத்த வேண்டிய இடத்துக்கு வெகு முன்பே லேசாகப் பிடித்து, ரிம்மிலிருக்கும் தண்ணீரைத் துடைத்துக்கொண்டே போங்கள். அலுமினிய ரிம் இதைவிட எவ்வளவோ மேல். தினமும் மழையில் ஓட்ட வேண்டியவர்கள் செலவு செய்யத் தகுந்த இடம் இதுதான் என்பேன், ஷாக் அப்சார்பர் இல்லை. நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி வரையுள்ள சாலைக்கு ஷாக் அப்சார்பர் எதற்கு? எடையைத்தான் சுமக்கிறோம்.

குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் மழைக்குப் பிறகு போய்வந்து, பிரேக் பிடிக்கும்போது சரசரவென்று தேய்க்கும் சத்தம் கேட்டால் செம்மண்ணும் பொடிக்கல்லும் கட்டையில் பதிந்திருக்கிறது. வீலைக் கழற்றி, ஊசியாலோ சின்ன ஸ்க்ரூடிரைவராலோ கிளறி எடுங்கள். விட்டால் ரிம்மில் வரி வரியாகக் கோடு விழும்.

கீச்சென்று கத்துகிறதா? கட்டையின் முன்முனை பின்முனையைவிட ஒரு தாள் கனத்துக்கு முந்தி ரிம்மைத் தொடும்படி லேசாகச் சாய்த்து வையுங்கள். டிஸ்க் பிரேக் கத்தினால் பெரும்பாலும் எண்ணெய் பட்டிருக்கும். செயினுக்கு ஸ்பிரே அடிக்கும்போது பக்கவாட்டில் தெறித்ததாக இருக்கலாம், எண்ணெய்க் கையால் தொட்டதாக இருக்கலாம். டிஸ்க்கை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். பேடில் எண்ணெய் ஊறிவிட்டால் மாற்றுவதுதான் ஒரே வழி.

இறக்கத்தில் பின் பிரேக்கை மட்டும் நம்புகிற பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு, முன் பிரேக் பிடித்தால் குப்புற விழுவோம் என்ற பயம். உண்மையில் சைக்கிளை நிறுத்துவதில் பெரிய பங்கு முன் பிரேக்குக்குத்தான். இரண்டையும் சேர்த்து, உடம்பைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிப் பிடித்தால் ஒன்றும் ஆகாது. ஈர வளைவில் மட்டும், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும்.

வீல் பெண்டு

பின் வீலில்தான் அதிகம். எடை அங்கேதான். பழைய கம்பெனி சைக்கிள்களில் முன்னால் 32 கம்பி, பின்னால் 40 கம்பி போட்டதும் அதனால்தான். போக்ஸ் கம்பிகளை வரிசையாக விரலால் சுண்டிப் பாருங்கள்; மற்றதெல்லாம் 'டிங்' என்னும்போது ஒன்று மட்டும் 'தொப்' என்றால் அது தளர்ந்தது. வீல் எந்தப் பக்கம் சாய்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கத்துக் கம்பியைக் கால் சுற்று இறுக்கலாம். அதற்கு மேல் என்றால் கடைக்கு. பெண்டு எடுப்பது கைப்பழக்கம், படித்து வராது.

கியர் தானாகவே மாறுகிறது

புதுசு வாங்கிச் சில வாரம் ஆனதும் இப்படி ஆவது சகஜம். கேபிள் உறைக்குள் படிந்து கொஞ்சம் தளர்ந்திருக்கும். ஒரு பெரிய பல்லுக்கு ஏறத் தயங்கினால், பின் கியரில் கேபிள் நுழையும் இடத்தில் இருக்கும் திருகை இடப்பக்கமாகக் கால் சுற்று திருப்புங்கள். சின்ன பல்லுக்கு இறங்கத் தயங்கினால் வலப்பக்கமாக. எச், எல் என்று எழுதிய இரண்டு ஸ்க்ரூவைத் தொடாதீர்கள், அவை செயின் எதுவரை போகலாம் என்பதற்கு எல்லை கட்டுபவை. மணக்குடிக் காற்றில் நிற்கும் சைக்கிள் என்றால் கேபிள் உறைக்குள்ளேயே துருப்பிடித்திருக்கும், எந்தத் திருகும் உதவாது, கேபிளை மாற்றுங்கள். ஏற்றத்தில் ஏறிக்கொண்டே கியர் மாற்றுவதும் தப்பு. வில்லுக்குறி தாண்டி ஏற்றம் தெரியும்போதே மாற்றிவிட்டு, பிறகு ஏறுங்கள்.

சைக்கிளில் ஒரு குறையும் இல்லை, ஆனால் நகர மாட்டேன் என்கிறது

வீலைத் தூக்கிச் சுற்றிப் பாருங்கள், பிரேக் உரசவில்லை, காற்று இருக்கிறது. பிறகு மரத்தைப் பாருங்கள். தென்னை ஓலை எல்லாம் கிழக்கே பறந்தால் பழுது உங்கள் சைக்கிளில் இல்லை.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று, மலை இடைவெளியான ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் புகுந்து கிழக்கே திருநெல்வேலிச் சமவெளிக்குப் பாய்கிறது. முப்பந்தலில் காற்றாலைகளை நட்டது இதற்காகத்தான். நாகர்கோவிலிலிருந்து அங்கே போகும்போது சொர்க்கம். மிதிக்காமலே போகும், நம் கால் இவ்வளவு பலமா என்று நமக்கே சந்தேகம் வரும். திரும்பும்போதுதான் கணக்குத் தீர்க்கப்படும். மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கு எதிரே 20 கிலோமீட்டர் வேகக் காற்று வந்தால், உடம்பில் மோதுவது 38 கிலோமீட்டர் வேகக் காற்று. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்பதால், அமைதியான நாளைவிட நான்கு மடங்குக்கும் மேல் எதிர்ப்பு. இது எந்த எண்ணெயிலும் தீராது.

வைத்தியம்: காற்றுக் காலத்தில் போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று என்று வழியை அமையுங்கள். நாகர்கோவில்காரர்கள் முதலில் மேற்கே முட்டம் பக்கம் போய்விட்டுத் திரும்பலாம். கிழக்கேதான் போக வேண்டுமென்றால் விடிவதற்கு முன் கிளம்புங்கள், காற்று எழும்புவதற்குள் திரும்பிவிடலாம். எதிர்க்காற்றில் வேகத்தைப் பார்க்காமல் ஏற்றத்தில் ஏறுவது போலச் சின்ன கியருக்கு இறங்கி, முழங்கையை மடக்கிக் குனிந்து மிதியுங்கள். பக்கக் காற்றில் இன்னொரு ஆபத்து: பஸ் நம்மைத் தாண்டும்போது காற்று ஒரு நொடி நின்று, பஸ் போனதும் திடீரென்று அறையும். பஸ் வரும் சத்தம் கேட்டதும் கைப்பிடியை உறுதியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

காற்றோடு மல்லுக்கட்ட மனசில்லாத நாளில் சானல் கரைக்குப் போங்கள். நாஞ்சில் நாட்டு வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் சானல்களின் கரையில் மேடு பள்ளம் குறைவு, மர நிழல் உண்டு, லாரி கிடையாது. சுசீந்திரம், தேரூர்க் குளத்தங்கரையில் காலை வெயில் ஏறுவதற்குள் போனால் நாரைகளும் கொக்குகளும் தண்ணீரிலேயே நிற்கும். முக்கியமான ஈரநிலங்களுக்கான சர்வதேச ராம்சார் பட்டியலில் 2022இல் சேர்ந்த நீர்நிலை அது. பனை சீசனில் வழியில் அக்கானி (பதநீர்) கிடைத்தால் இறங்கிவிடுங்கள். பையில் இரண்டு மட்டிப்பழம் இருந்தால் மதியம் வரை தாங்கும்; பாக்கெட்டில் போட்டால் நசுங்கும், கேரியர் பையில் வையுங்கள்.

முட்டி வலிக்கிறது, கை மரத்துப் போகிறது

பெரும்பாலும் ஸ்பானரால் தீரும் நோய். முட்டியின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வாக இருக்கிறது, அல்லது பெரிய கியரில் முக்கி முக்கி மிதிக்கிறீர்கள். முட்டியின் பின்பக்கம் வலித்தால் சீட் உயரம் அதிகம். சோதனை எளிது. சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்கார்ந்து, குதிகாலைப் பெடலில் வையுங்கள். பெடல் கீழே இருக்கும்போது கால் நேராக நீட்டியிருக்க வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதிக்கும்போது முட்டியில் லேசான மடக்கு தானாக வரும். இடுப்பு இரண்டு பக்கமும் ஆடினால் சீட்டைக் கொஞ்சம் இறக்குங்கள். நின்றால் இரண்டு காலும் தரையில் ஊன்ற வேண்டும் என்று சீட்டை இறக்கி வைப்பது பாதுகாப்பாகத் தெரியும். முட்டிதான் அதற்குக் கூலி கொடுக்கும்.

சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்தால் உள்ளங்கையின் ஓரத்தில் ஓடும் நரம்பு அழுந்துகிறது. மணிக்கட்டை மடக்காமல் நேராக வையுங்கள், கையின் இடத்தை அடிக்கடி மாற்றுங்கள். சீட்டின் மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தாலும் உடம்பு முன்னால் வழுக்கி எடை முழுக்கக் கையில் விழும், சமமாக வையுங்கள்.

உட்கார்ந்த இடம் வலிக்கிறது என்று அகலமான மெத்து சீட் வாங்குகிறவர்கள் அதிகம். அரைமணி நேரத்துக்கு நன்றாக இருக்கும், அப்புறம் தொடை உரசும். கொஞ்சம் கெட்டியான சீட்டுக்கு உடம்பு பழகிவிடும்.

ஆபீஸ் போய்ச் சேரும்போது சட்டை பிழியலாம்

முதுகுப் பையைக் கழற்றி கேரியரில் கட்டுங்கள். பாதி வியர்வை அந்தப் பைக்கு அடியில்தான். கடைசிக் கொஞ்ச தூரத்தை மெதுவாக ஓட்டுங்கள். ஒரு துவர்த்தும் (துண்டு) மாற்றுச் சட்டையும் போதும். கடலோரத்தில் ஈரக்காற்றில் வியர்வை காயாது என்பதால் பவுடர், சென்ட் எல்லாம் தோல்வி.

சாரம் (கைலி), வேட்டி, துப்பட்டா செயினில் மாட்டிக்கொண்டது

இழுக்காதீர்கள். சைக்கிளை நிறுத்தி, பெடலைப் பின்னோக்கிச் சுற்றினால் செயினும் பின்னால் ஓடித் துணியைத் தானே வெளியே தள்ளும். செயின் கவர் அழகாக இல்லை என்று கழற்றிப் போட்டவர்களுக்கு இது அடிக்கடி வரும்.

நாய் துரத்துகிறது

வேகத்தைக் கூட்டினால் அதுவும் கூட்டும். இறங்கி, நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் சைக்கிளை வைத்து நடங்கள். பெரும்பாலான நாய்களுக்கு ஓடாத சைக்கிளில் அக்கறை போய்விடும்.

சீட் கம்பி அசையவே இல்லை

இரும்பு ஃபிரேமில் அலுமினியக் கம்பி, நடுவில் உப்பு ஈரம் என்றால் இரண்டும் ஒன்றாகிப் போகும். துரு இளக்கும் ஸ்பிரேயை அடித்து ராத்திரி முழுக்க விடுங்கள். மறுநாள் இழுக்காமல் திருகுங்கள்: சீட்டைப் பிடித்து இடமும் வலமும். வெளியே வந்ததும் இரண்டு பக்கமும் துடைத்துக் கிரீஸ் தடவிப் போடுங்கள். தென்மேற்கு மழைக்கு முன்னால் வருஷம் ஒருமுறை இதைச் செய்தால் மறுபடி வராது.

ஃபிரேமில் பெயின்ட் வெடித்திருக்கிறது

ஹாண்டில்பாருக்குக் கீழே குழாய்கள் சேரும் இடத்திலும், பெடல் அச்சுப் பெட்டியைச் சுற்றியும், சீட் கம்பி நுழையும் இடத்திலும் பாருங்கள். பெயின்ட் மட்டும் உரிந்திருந்தால் நகத்தால் தடவும்போது சொரசொரப்பு இருக்காது. துருவைத் துடைத்து பெயின்ட் அடித்தால் போதும். மயிரிழை போல ஒரு கோடு, அதில் நகம் தட்டுகிறது, துடைத்தாலும் துரு அதே கோட்டில் திரும்ப வருகிறது என்றால் அது விரிசல். அதோடு ஓட்டாதீர்கள், உருட்டிக்கொண்டே கடைக்குப் போங்கள். இரும்பு ஃபிரேமை நல்ல வெல்டிங்காரர் சரிசெய்து தருவார். அலுமினிய ஃபிரேமுக்கு வழியோர வெல்டிங் வேண்டாம். சூட்டில் அந்த இடத்தைச் சுற்றிப் பலம் போய்விடும், ஃபிரேமை மாற்றுவதுதான் வழி.